இசட் டிரைவில் இருந்த முப்பத்தோரு போட்டோ

மானிட்டர் ஸ்விட்சைப் போட்டதும் 'டொங்'கென்று ஒரு சத்தம் வரும். கண்ணாடி அருகே கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும்... மும்பை விக்ரோலியில் நான் டிஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த காலத்தில் என் காலைகள் அப்படித்தான் தொடங்கும்.

ஸ்க்ரீன் மெதுவாக வெளுக்கும். 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் சி, டி எல்லாம் தாண்டி, கடைசியில் இசட். அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. இரண்டு தரம் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்... குறி மறைந்து, ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வரும்.

அதை இணைத்துக் கொடுத்தவன் செல்வின். எங்கள் தாராவிக்காரன், ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் அவன் பொறுப்பு. இசட் என்பது பக்கத்து அறை சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று படித்துப் படித்துச் சொன்னான். பிளஸ் டூவை இரண்டு முறை எழுதிய மூளை இது... என் மிஷினுக்குள்ளேயே ஒரு பரண் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பரணில் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை ஏற்றி வைத்தேன். முப்பத்தொன்று. இரவல் கேமராவில் எடுத்தவை; வேறு எங்கும் பிரதி இல்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கன்னமெல்லாம் கேக் அப்பிய ஒன்று மட்டும் வால்பேப்பராகவும் இருந்தது.

ஒருநாள் செல்வின் வந்தான். "பழைய சர்வரைத் தூக்கப் போறோம்வே. சொந்தச் சாமான் ஏதாச்சும் கெடந்தா சனிக்கிழமைக்குள்ள எடுத்துக்கிடும்."

பென் டிரைவ் வாங்கி, இசட் ஐகானை அப்படியே இழுத்து அதில் போட்டேன். ஒரே நொடி! என் வேகம் எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் சைபர் கஃபேக்குக் கூட்டிப்போனேன். பென் டிரைவில் ஒரே ஒரு ஐகான். தட்டினால் திறக்கவில்லை. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

திங்கட்கிழமை செல்வின் தலையில் அடித்துக்கொண்டான். "அரே, வீட்டுச் சாமானை எடுத்துட்டு வாரும்னா, அட்ரஸை எழுதிட்டு வந்திருக்கீரே வே! இது வெறும் ஷார்ட்கட்டு."

"அப்ப போட்டோ?"

"சர்வர்ல இருந்ததையெல்லாம் தொடச்சு அழிச்சாச்சுவே."

அவன் என் ஸ்க்ரீனில் இருந்த வால்பேப்பரையே பார்த்தபடி நின்றான்.

"இரும்... வால்பேப்பரா போட்டா, விண்டோஸ் தனியா ஒரு காப்பி எடுத்து உம்ம மிஷின்லயே வச்சிருக்கும்."

தேடி எடுத்தான். ஐகான்கள் மறைக்காத என் மகள் முகம். கன்னத்தில் கேக். ஓரத்தில், அவளைப் பிடித்திருக்கும் வளையல் கை.

பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி வெகுநேரம் பார்த்தாள். "முப்பதைக் கோட்டை விட்டாலும், ஒண்ணாவது வீடு வந்து சேந்துச்சே" என்றாள்.

இப்போது மகளுக்கு ஐரோலியில் ஐ.டி. வேலை, கல்யாணமாகி அங்கேயே வீடு. பேத்தியின் போட்டோக்கள் நூறு நூறாக என் போனுக்கு வருகின்றன.

"அப்பா, ஒண்ணையும் டவுன்லோடு பண்ணாதீங்க. எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கு."

"சரிம்மா" என்பேன்.

அந்தக் கிளவுட் எந்தப் பக்கத்து அறையில் இருக்கிறதோ... தினமும் ஒன்றை மட்டும் வால்பேப்பராகப் போட்டுக்கொள்கிறேன்.