மாமியாருக்கு முதுகு காட்டிய காவலன்

டிங்கோ கிணறு என்ற பாலைவனப் பழங்குடி ஊருக்குள் கொரோனாவை விடக்கூடாதென்று செம்மண் சாலையின் குறுக்கே கம்பி போட்டு நாற்பத்தொரு நாளாயிற்று. அந்த ஊர்க்காரனும் காவல்துறை உதவியாளனுமான செல்வினுக்கு நின்று நின்று கால் மரத்துவிட்டது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் கம்பிக்கு வெளியே பதினான்கு நாள் கூடாரத்தில் இருந்தால்தான் உள்ளே போகலாம். இதைச் சொல்லிச் சொல்லி வாயும் தேய்ந்துவிட்டது. திட்டாத சொந்தக்காரன் பாக்கியில்லை.

செவ்வாய் மத்தியானம் ஒரு டொயோட்டா வந்தது. முன்சீட்டில் இருப்பது யாரென்று தெரிந்ததும் செல்வின் சடாரென்று திரும்பி முதுகைக் காட்டினான். மாமியார் டல்சி.

அவர்கள் வழக்கப்படி மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கிட்டே போகக்கூடாது. மாமியாருக்கும் அதே சட்டம்தான். பயமல்ல, மரியாதை. உலகத்தில் பாதி மருமகன்கள் இப்படியொரு சட்டத்துக்கு ஏங்கிக் கிடப்பார்கள். செல்வினுக்கு அன்று அது கழுத்தைப் பிடித்தது.

"என்னப்பா, வண்டிய மறிக்காம முதுகக் காட்டிட்டு நிக்கற?" என்றான் தெற்கிலிருந்து வந்த இளம் கான்ஸ்டபிள் பிராட்.

"மாமியார்."

"அதுக்கு?"

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், சொல்றேன்."

வண்டியை ஓட்டி வந்த லான்ஸ், டல்சியின் அண்ணன் மகன், தலையை வெளியே நீட்டினான். "மச்சான், அத்தை சொல்றாங்க. வெள்ளிக்கிழம உள்ள ஊர்ல அவங்க தங்கச்சியப் புதைக்கறாங்களாம். அந்த மனுசன்கிட்ட கம்பியத் தூக்கச் சொல்லுன்னு."

செல்வின் எதிரே இருந்த புதரிடம் சொன்னான். "பதினாலு நாள்னு சொல்லு."

"போலீஸ் சட்டை போட்டதும் கொம்பு மொளச்சிருச்சாமே?"

"அவங்களா கேட்டாங்க?"

"இல்ல, அது நான்."

செல்வினுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. உள்ளே சர்க்கரையும் சிறுநீரகமும் கெட்ட பெரியவர்கள் முப்பது பேர். ஆஸ்பத்திரியோ நானூறு கிலோமீட்டர். தூக்கினால் அவர்கள் கதி என்ன? தூக்காவிட்டால் கூடப்பிறந்தவளுக்குக் கடைசியாக ஒருமுறை அழக்கூட அந்த அம்மாவுக்குக் கொடுப்பினை இல்லை.

தூக்கவில்லை. டல்சி வேலமரத்தடிக் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளும் செல்வின் முதுகாலேயே வேலை பார்த்தான்.

வெள்ளி காலை, நகரத்துப் பிணவறையிலிருந்து சவப்பெட்டி அதே சாலையில் வந்தது. பிராட் கம்பியைத் தூக்கப் போனான்.

"இரு தம்பி. டிரைவரோட அனுமதிச் சீட்டப் பாக்கணும்."

"வண்டிய விடச்சொல்லி நேத்தே போன்ல சொல்லிட்டாங்களேய்யா!"

"பாக்கணும்."

செல்வின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுபது தப்படி தள்ளிப் போய்த் திரும்பி நின்றான். பின்னால் வண்டிக் கதவு திறந்தது. யாரோ செருப்பில்லாமல் ஓடும் சத்தம். பிறகு டல்சியின் ஓலம்.

அரை மணி கழித்து பிராட் வந்தான். "உள்ள ஊரே இடுகாட்டுல காயுதாம். வயர்லெஸ்ல உன்னத்தான் திட்டறாங்க. இன்னுமா படிக்கற?"

"எழுத்து பொடிசா இருக்கு."

பிராட் வண்டிப் பக்கம் பார்த்தான். டல்சி பெட்டிமேல் சாய்ந்திருந்தாள். "சரி. மெதுவாவே படி."

செல்வின் மறுபடி முதலிலிருந்து படித்தான். சீட்டில் இருந்ததே டிரைவர் பெயரும் வண்டி எண்ணும்தான்.