ஜெயசித்ரா அக்கா தூக்கிப் பார்த்து வாங்கிய லேப்டாப்

உலகத்தில் லேப்டாப் வாங்கத் தெரிந்த ஒரே மனுஷி எங்கள் கிருமாம்பாக்கம் ஜெயசித்ரா அக்காதான். ஜப்பான்காரன் புது மாடல் போடுவதற்கு முன்னால் கடலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நஷ்டம் ஜப்பானுக்கு.

அக்காவுக்குத் தொழில் மைக் செட். முதலில் அது அவள் வீட்டுக்காரர் எழிலரசன் அண்ணனுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் புளியமரம் ஏறி விழுந்ததில் அவருக்கு இடுப்பு போனது. அடுத்த வாரம் ஒரு காதுகுத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறிக் கட்டினாள். கீழே நின்று சிரித்தவர்கள் அதற்கடுத்த விசேஷத்துக்கு அவளையே கூப்பிட்டார்கள். அண்ணன் இப்போது வீட்டில் உட்கார்ந்து ஒயர் பற்றவைக்கிறார்.

இப்போதெல்லாம் பாட்டு மட்டும் போதவில்லை. மஞ்சள் நீராட்டு என்றால், பெண் தவழ்ந்த காலத்திலிருந்து எல்லாப் படமும் பெரிய டிவியில் ஓட வேண்டும், கூடவே பாட்டும். பாகூர் மணிபாரதியின் செட்டில் லேப்டாப் இருக்கிறது. அதனாலேயே நாலு விசேஷம் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது எதிர்வீட்டுச் செங்கமலத்தக்காவின் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம். படம் காட்ட முடியாது என்றால் மணிபாரதியைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு விசேஷத்துக்கே வேறு ஊர்க்காரன் வந்து கட்டினால் அப்புறம் அக்காவை எவர் கூப்பிடுவார்?

என் அத்தா ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அதனால் நான் கம்ப்யூட்டரில் கரை கண்டவள் என்று அக்கா நம்பினாள். பதினொன்றாவதோடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். யார் யாரை விட்டது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. புதன்கிழமை என்னை இழுத்துக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே மாலிக் மாமா பழைய லேப்டாப் விற்கிறார். பாட்டுக்கும் படத்துக்கும் அக்காவின் கையிருப்புக்கும் ஒத்துவருவதாக மூன்றை எடுத்து வைத்தார். மெலிசான ஒன்றைத் தட்டி, இதுதான் சரி என்றார். அக்கா எதையும் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

மைக் செட்காரர்கள் ஸ்பீக்கர் வாங்குவது அப்படித்தான். கனமாக இருந்தால் உள்ளே பெரிய காந்தம், நல்ல சத்தம். லேசாக இருந்தால் டப்பா.

கறுப்பாக, செங்கல் மாதிரி ஒன்றைத் தூக்கிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா ஷைஸ்தா, இதான?"

"கரெக்ட்டுக்கா. இதுலதான் காந்தம் பெருசு," என்றேன் முகத்தை மௌலவி மாதிரி வைத்துக்கொண்டு.

மாலிக் மாமா வாயைத் திறந்தார். நான் கண்ணடித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன், கடைசியில் நானே தடுத்துவிடுவேன் என்று நினைத்து மூடிக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்குள் அக்கா பணத்தைக் கொடுத்துப் பையில் போட்டுவிட்டாள். நான் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். பாட்டு தனியாக ஓடியது. படமும் தனியாக ஓடியது. இரண்டும் சேர்ந்ததும் பாட்டு திக்கியது; செங்கமலத்தக்கா பெண் ஒன்றாவது படிக்கும்போது எடுத்த படத்திலேயே நின்றுவிட்டாள். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குதான் இதெல்லாம் வரல போல. மணிபாரதிக்கே குடுத்துருன்னு செங்கமலத்துகிட்ட சொல்லிர்றேன்டி."

படங்களை வரிசைப்படுத்தித் தருகிறேன், ஞாயிறு வரை பொறு என்று சொல்லி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் லேப்டாப்போடு மாலிக் மாமா கடைக்கு ஓடினேன். மாற்றித் தரச் சொன்னால் காந்தக் கதை வெளியே வரும். மாமா அடிப்பக்கத்தைத் திறந்தார். நாலு ஜிபி ரேம்தான் இருந்தது. சின்ன மேசையில் இரண்டு பேர் சாமான் பரப்பினால் இடிக்கத்தானே செய்யும் என்றார். பக்கத்தில் இன்னொன்று செருக இடம் காலியாக இருந்தது. என் பெருநாள் காசு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு படம்கூட நிற்கவில்லை. பெண் தவழ்ந்தாள், பல் விழுந்து நின்றாள், சைக்கிள் ஓட்டினாள், மஞ்சள் முகத்தோடு சிரித்தாள். பாட்டு ஒரு இடத்திலும் திக்கவில்லை. செங்கமலத்தக்காவின் நாத்தனார் தை மாதத்துக்குத் தேதி கேட்டுவிட்டுப் போனாள். அக்கா சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்று இரண்டு டம்ளர் பாயசம் குடித்தாள்.

எல்லாம் ஏறக்கட்டும்போது லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"எதுக்குடி தெறந்த?"

விசேஷத்தில் சாமான் மாறிப்போகாமல் இருக்க மைக் செட்காரர்கள் எல்லாவற்றிலும் அடையாளப் பொட்டு வைப்பார்கள். அக்கா ஸ்க்ரூ மேலெல்லாம் நெயில் பாலிஷ் வைத்திருந்தாள். எனக்கா தெரியாது? மூடியதும் நானும் ஒன்று விடாமல் மறுபடி வைத்திருந்தேன்.

"நான் எங்கக்கா தெறந்தேன்?"

"நா வச்சது ரத்தச் செவப்பு. இது ரோஸு." என் கையைப் பிடித்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்து நகமும் ரோஸ்.

"தூசி தட்னேன்கா."

"அன்னிக்கு அவ்ளோ திக்குனது தூசி தட்டுனா செரியாய்டுமா? இரு, மாலிக் பாயையே கேக்கறேன்," என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மாலிக் மாமா எப்போதும் நாலு தடவை அடித்தால்தான் எடுப்பார். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தார்.