ஏழாவது சீட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதில்லை. நடந்தது ராத்திரியில்கூட இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம், மணி 1:12. நேரம் தப்பாக இருக்க வழியில்லை. கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கிறது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து கண் மருத்துவமனைகள். விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவிகள் மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர். படத்தை அளந்து முடிவு சொல்லும் மென்பொருளுக்கு நிர்வாகம் வாங்கியதோ ஆறே லைசென்ஸ், எங்கள் பேச்சில் ஆறு சீட். ஆறு பேர் உள்ளே இருந்தால் ஏழாவது ஆள் காத்திருக்க வேண்டும். யார் உள்ளே, யார் வரிசையில் என்ற பட்டியல் என் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் மௌஸை அசைக்காதவரிடமிருந்து சீட்டைப் பிடுங்கிக் காத்திருப்பவருக்குக் கொடுப்பேன். அதனால் எனக்குப் பெயர் கண்டக்டர். "கண்டக்டர், ஒரு சீட்!" என்றுதான் போன் வரும்.

என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். மூன்றாவது கிளையில் ஸ்கேன் எடுப்பவள். படம் பார்த்து முடித்த கையோடு சீட்டை விட்டுவிடுவாள். ஒன்பது கம்ப்யூட்டரிலும் அப்படிச் செய்த ஒரே ஆள் அவள்தான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. பெரிய டாக்டர் காத்திருக்கிறார் என்று தலைமைக் கிளையிலிருந்து போன். பட்டியலில் அவள் பெயர் இருபது நிமிடமாக அசையாமல் கிடந்தது. எடுத்துவிட்டேன். மணி 1:12.

உடனே கூப்பிட்டாள்.

"கண்டக்டர் சார், பொண்டாட்டி சீட்டையே பிடுங்கிட்டீங்களா?"

"இருபது நிமிஷம் சும்மா இருந்துச்சு."

"சும்மா இல்லங்க. தலை வலி தாங்கல, அப்படியே சாய்ஞ்சிட்டேன். என் கண்ணையே படம் எடுத்து வெச்சிருக்கேன். பார்க்கணும்."

"அது ஆஸ்பத்திரி வேலை இல்லையே. நாளைக்குப் பாரு."

"சரிங்க சார்" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள், பிழைக்கவில்லை. மூளையில் கட்டி. "கண் நரம்பு வீங்கியிருக்கும். யாராவது கண்ணைப் பார்த்திருந்தாலே முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார் அவளைக் கொண்டுபோன மருத்துவமனையின் மருத்துவர். அவள் கண் மருத்துவமனையில் வேலை பார்த்தவள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அவள் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். வாரம் ஒரு முறையாவது கேட்பார்.

"தலைவலின்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை."

எட்டு மாதமாக இதே பதில்.

இப்போது முதலில் சொன்ன சனிக்கிழமைக்கு வருகிறேன். லைசென்ஸுக்குப் புதிய சர்வர் வந்துவிட்டது. பழையது மதியம் இரண்டு மணிக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தேன். அதோடு பழைய பதிவேடும் போய்விடும். அவள் பெயரும், 1:12-ம், எடுத்தவன் என்ற இடத்தில் என் பெயரும். நகல் எடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்தின் உத்தரவு இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன்.

பழசாகிவிட்டதால் அன்று கழற்றி எடுக்க வேண்டிய கடைசிக் கம்ப்யூட்டர், அவளுடையது.

"என்ன கண்டக்டர், இளைச்சுப்போய் டிக்கெட் மாதிரி ஆயிட்டீங்க?" என்றார் வரவேற்பில் இருக்கும் அக்கா. சொன்ன பிறகு முகம் மாறியது. சாவியை நீட்டினார். "அவ போனதுல இருந்து அந்த ரூமை யாரும் தொடல தம்பி. கருவியும் பழசு. நான் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்துடறேன்."

12:50-க்கு வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனார். உள்ளே நான் மட்டும்.

ஸ்கேன் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. கண்மணி விரிய வேண்டும் என்பதால் நடுப்பகலிலும் இருட்டு. லேப்டாப் வெளிச்சத்தில் வேலையை ஆரம்பித்தேன். முதலில் அவள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். பிறகு மின்வயர். கருவியின் வயரும். மூன்றையும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் முகவாய் வைக்கும் தாங்கியைக் கவனித்தேன். அதன்மேல் காகிதம் இருந்தது. நோயாளிக்கு நோயாளி கிழித்துப் போடும் மெல்லிய காகிதம். எட்டு மாதத் தூசி கருவி முழுக்க இருந்தது. காகிதத்தில் மட்டும் இல்லை. அதன் இடது மூலை இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது.

அவள் அப்படித்தான் மடிப்பாள். அடுத்த தாளைச் சட்டென்று கிழிக்க வசதி என்பாள்.

வேறு யாராவது வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

1:12.

லேப்டாப்பில் "டிங்" என்று ஒரு சத்தம். பட்டியலில் ஆறு பெயர்கள். கீழே, காத்திருப்போர் வரிசையில் ஏழாவதாக ஒன்று.

அவள் பெயர்.

மூன்றாவது கிளை. இந்த அறை. இந்தக் கம்ப்யூட்டர்.

அந்தக் கணக்கை மூடியவன் நான். அவளைத் தகனம் செய்த மறுநாள், என் கையால். வயர் என் மடியில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

1:14. பெயர் போகவில்லை.

1:15. எனக்குப் பின்னால் அவளுடைய சுழல் நாற்காலி நகர்ந்தது. கிர்ர்ர்... அரை அடிதான் இருக்கும். பிறகு "புஸ்ஸ்" என்று தாழ்ந்தது. உட்கார்ந்தால் தாழுமே, அந்த மாதிரி.

நான் திரும்பவில்லை.

கதவு நாலடி தூரம். எழுந்திருக்க முடியவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. பட்டியலில் பெரிய டாக்டரின் பெயர் தெரிந்தது. இருபத்தாறு நிமிடமாக அசையாமல். சாப்பிடப் போயிருப்பார்.

இருபது நிமிடம் தாண்டினால் எடுக்கலாம். விதி அதுதான். அன்றைக்கும் அதே விதிதான். ஆனால் ஒரு நாளும் சீட்டைப் பிடித்து வைக்காதவள் இருபது நிமிடம் ஏன் அசையவில்லை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக என்னைத் தின்றது அதுதான்.

1:17. பெரிய டாக்டரின் சீட்டை எடுத்தேன். அவளுக்குக் கொடுத்தேன்.

"எடுத்துக்கோ" என்றேன்.

சுவரில் பச்சை வெளிச்சம் விழுந்தது.

வயர் இல்லாத கருவி.

ஸ்ர்ர்... லென்ஸ் நகரும் சத்தம்.

நின்றது.

டிக்.

யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். வலியோடு இருப்பவர்கள் விடுவார்களே... அப்படி.

பிறகு மௌஸ் சத்தம். நிதானமாக. டிக்... டிக்... நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் தெரியாது.

"டிங்."

1:37. அவள் பெயர் பட்டியலில் இல்லை. வேலை முடிந்ததும் சீட்டை விட்டிருந்தாள்.

திரும்பினேன். இருட்டு. நாற்காலி தாழ்ந்தே இருந்தது. முகவாய்த் தாங்கியில் கை வைத்தேன்.

வெதுவெதுப்பு... காகிதம் ஈரமாக இருந்தது.

1:51-க்குப் பதிவேடு முழுவதையும் நகல் எடுத்தேன். இரண்டு முறை தப்பாகப் போய், மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

அன்று மாலை அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"சொன்னா அத்தை. தலைவலின்னு எங்கிட்ட சொன்னா. நாளைக்குப் பாருன்னு சொல்லிட்டேன்."

அத்தை கேட்டார். "எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு பன்னிரண்டு."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை அதன்பிறகு கேட்கவே இல்லை. இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். பெயர் போடாமல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று எட்டு மாதம் முந்தையது, மதியம் 12:40. அதுவரை நான் திறக்கத் துணியாத படம். இன்னொன்று சனிக்கிழமையுடையது. 1:18.

ஒரே படம் இரண்டு முறை பதிவாகியிருக்கும், கருவிக் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம்தான் சேர்ந்த ஒரு மருத்துவர் இருக்கிறார். அவருக்கு அவளைத் தெரியாது. எதுவும் சொல்லாமல் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தான். ரத்தக்குழாய் போற வழியைப் பாருங்க, கைரேகை மாதிரி அது மாறாது."

"ஒரே படமா டாக்டர்?"

"இல்லை இல்லை. இது புதுசு. எட்டு மாசத்துல நரம்பு வீக்கம் மூணு மடங்கு ஆயிருக்கு." நிமிர்ந்து என்னை முறைத்தார். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? அந்தப் பொண்ணு வலி தாங்காம துடிச்சிட்டிருக்கும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."