எட்டு ஊர் வளையல்காரி

முனிலட்சுமி என் கடைக்கு வந்தது ஐம்பத்திரண்டாம் வருஷம், ஆடிக்கு முந்தின வாரம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்கு வளையல் மொத்தக் கடை. சுற்று வட்டாரத்தில் பெட்டி தூக்குகிற வளையல்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் சரக்கு எடுப்பார்கள். வெங்கடசாமி என்றால் எந்தச் சந்தையிலும் தெரியும். எனக்குத் தெரியாத ஆளே இந்தப் பக்கத்தில் கிடையாது என்று நானும் பீற்றிக்கொள்வேன்.

அவள் புருஷன் திம்மப்பன் என் பழைய வாடிக்கைக்காரன். நாகரசம்பட்டியில் வீடு. காய்ச்சலில் ஐந்து நாள் படுத்தான், ஆறாம் நாள் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. வழக்கப்படி அவள் கை வளையல்களை உடைத்தார்கள். வீட்டு மூலையில் பெட்டி நிறைய வளையல் அப்படியே இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தவள் படியேறாமல் ஓரமாக நின்றாள். போணி ஆகாத நேரத்தில் வெறும் நெற்றியோடு எதிரே நிற்கக் கூடாது என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். பரவாயில்லை ஏறி வா என்று நானும் சொல்லவில்லை.

"பெட்டியை இனி நானே எடுத்துக்கிட்டுப் போறன்ணா. எனக்கும் கையளவு பாக்கத் தெரியும். சோப்புப் போட்டு நோகாம ஏத்தத் தெரியும்."

"தெரியும்மா. ஆனா உனக்கு யாரு கையை நீட்டுவாங்க?"

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சொந்த ஊரில் பெட்டியை இறக்கிப் பார்த்திருக்கிறாள். பெண்கள் அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள். தாலியறுத்தவள் கையால் எந்தச் சுமங்கலி வளையல் ஏற்றிக்கொள்வாள்? அவளை அனுப்பிவைத்தால் போதும் என்று, "உன்னைத் தெரியாத ஊராப் பாத்துப் போ" என்றேன். ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போன இடம் அஞ்செட்டிப் பக்கம். தேன்கனிக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் காடும் மேடும்தான். எங்கள் வளையல்காரர்கள் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வருஷம் ஒருமுறை மாட்டுச் சந்தைக்கு வரும்போது அந்தப் பெண்கள் வாங்கிப் போட்டுக்கொண்டால்தான் உண்டு. அந்தக் காட்டில் இவள் வியாபாரத்தை உண்டாக்கின விதத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சந்தையில் தமுக்கு அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், நோட்டீஸ் அச்சடித்துப் பேட்டை முழுக்க வீசினவனையும் பார்த்திருக்கிறேன். இவள் ஒரு நாளும் தெருவில் நின்று கூவினதில்லை.

முதலில் அவள் போய்ப் பார்த்தது அந்தப் பக்கத்து மருத்துவச்சி ரங்கம்மாவை. இரண்டு கைக்கும் சும்மாவே வளையல் ஏற்றிவிட்டாள். எந்த வீட்டில் ஏழாம் மாதம், எந்த வீட்டில் பெண் பெரியவளாகியிருக்கிறாள் என்று மருத்துவச்சிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஊருக்குள் போனால் பெரிய வீட்டுக்குப் போக மாட்டாள். கைக்குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்துப் போய், குழந்தைக்குக் கருவளையல் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். குழந்தை கையை ஆட்டும், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரிகள் தாமாகவே வருவார்கள். அடுத்த ஊருக்கு அவளாகப் போவதில்லை. "நான் அனுப்பினேன்னு என் நாத்தனார்கிட்டச் சொல்லு" என்று இந்த ஊர்க்காரி ஒருத்தி சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அங்கே நுழைவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இப்படிச் சேர்ந்த எட்டு ஊர்ப் பெண்களின் கையளவும் அவளுக்கு மனப்பாடம். கட்டிக்கொடுத்த மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய்க்காரி கேட்டால், "போன தடவை ரெண்டே காலு, இப்ப ரெண்டரை கேக்குது. நல்லாச் சாப்பிடறா" என்பாள். சில சமயம் பதில் சொல்லாமல் பெட்டியை மூடுவாள். அன்றைக்கே அந்தத் தாய் மகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

மூன்றரை வருஷம் இப்படிப் போனது. "கையை நீட்றாங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீட்றாங்கண்ணா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சரக்கு நன்றாக ஓடியதால் நானும் மேலே கேட்கவில்லை.

ஐம்பத்தாறில், தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அஞ்செட்டிப் பக்கத்துப் பெரிய குடியானவர் வீட்டம்மா ஒருத்தி கடைக்கு வந்தாள். பெயர் மங்கம்மா. கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு. அவள் மகள் காவேரிக்குக் கல்யாணம். ஜவுளி எடுக்க வந்தவள், தங்கள் வளையல்காரியை நேரில் அழைக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முனிலட்சுமி உங்க கிட்டதான் சரக்கு எடுக்கறதாச் சொல்லுவா. வீடு எங்கீங்க? அவ வீட்டுக்காரரு பெங்களூரு மில்லுல இருக்காராமே, அவரும் லீவு போட்டு வரணும். என் பொண்ணுக்கு அவ கையாலதான் வளையல் போடணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். "மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"நாகரசம்பட்டி. மாந்தோப்பு நாராயணப்பன் மகன். அந்த வீட்டைப் பத்தி எங்களுக்குச் சொன்னதே முனிலட்சுமிதான். கல்யாணம் அவுங்க வீட்லதான்."

வெற்றிலை பாக்கை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தகவல் சொல்லிவிடுகிறேன் என்று அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து முனிலட்சுமி வந்தாள். வெற்றிலை பாக்கைக் காட்டி, மங்கம்மா வந்து போனதைச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். தேன்கனிக்கோட்டை தாண்டி ஒரு ஓடை இருக்கிறதாம். போகும்போது அங்கே உட்கார்ந்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வாள், இரண்டு கையிலும் பச்சை வளையல் போட்டுக்கொள்வாள். திரும்பும்போது அதே ஓடையில் முகத்தைக் கழுவி வளையலைக் கழற்றித் துணியில் முடிந்துகொள்வாள்.

"நான் போட்டுக்கிட்ட வளையலை ஒருத்திக்கும் வித்ததில்லண்ணா. அது தனியாத்தான் இருக்குது" என்று அந்த முடிச்சைக் காட்டினாள்.

"அதெல்லாம் சரி. உன் ஊர் வீட்டைப் பத்தி அங்க போய் ஏம்மா சொன்ன?"

"ஒரு மழை நாளு. மங்கம்மா களியும் கீரையும் போட்டாங்க. பக்கத்துல உக்காந்து சாப்பிடச் சொன்னாங்க. அப்படி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? வாய் சும்மா இல்ல. நாகரசம்பட்டியில இப்படி ஒரு தோப்பு, இப்படி ஒரு மனுசருன்னு சொல்லிட்டன். என் ஊருன்னு சொல்லல. ஆனா சொல்லணும்போல இருந்துச்சு."

அப்புறம், "மாசத்துல பத்து நாளு நான் பேசறன்ணா. மிச்ச இருபது நாளு ஊர்ல எங்கிட்டப் பேச ஆளில்ல" என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். உடம்பு சரியில்லை என்று தகவல் அனுப்பிவிடலாம், கல்யாணம் முடிந்ததும் பழையபடி மலைக்குப் போகலாம். அவள் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு வாழப் போறது என் ஊர்லண்ணா. நாளைக்கே தண்ணித் துறையில என்னப் பாப்பா. வேற ஆள் சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறன்."

வெறும் நெற்றியோடு மலையேறினாள். அந்த ஓடையில் உட்காரவே இல்லையாம். நான்காம் நாள் திரும்பி வந்தாள், பெட்டி போனபடியே இருந்தது.

"மங்கம்மா வாசல்ல போய் உக்காந்தன். மொதல்ல அவுங்களுக்கு என்னை அடையாளமே தெரியல. அப்புறம் என் நெத்தியப் பாத்தாங்க, கையப் பாத்தாங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னாங்க. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டாங்கண்ணா. உள்ள போய் மோர் கொண்டாந்தாங்க. எப்பவும் கையில குடுப்பாங்க, அன்னிக்குக் கீழ வச்சுட்டுப் போய்ட்டாங்க. ஒரு வார்த்த ஏசல. ஏசியிருந்தாத் தேவல."

மற்ற ஊர்களிலும் யாரும் வெளியே வரவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் கொஞ்சம் சிரித்தாள். "கழட்டி எறியவும் முடியாதுண்ணா அவுங்களால. வேற வளையல் ஏத்தாமக் கைய மூளியா வைக்க முடியுமா? வேற ஆளு மலையேறி வர்ற வரைக்கும் நான் போட்டதோடதான் இருக்கணும்."

கல்யாணத்துக்கு வளையல் போட ஆள் வேண்டுமே. என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போனேன். பெரிய இடத்துக் கல்யாணம், அதில் போட்ட வளையல் பத்துக் கல்யாணத்தைக் கொண்டுவரும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். எனக்கு நானே வேறு சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாராயணப்பன் வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். வெளியே மேளம். காவேரி மணையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பழைய பச்சை வளையல்கள், ஒரு கீறல் இல்லாமல், அளவு பிசகாமல் முனிலட்சுமி ஏற்றியவை. கையை வெறுமையாக விடக் கூடாது என்பதற்காகப் பழையதில் ஒன்றை விட்டுவைத்துப் புதியதை ஏற்றுவோம், கடைசியில் அந்த ஒன்றையும் எடுத்துவிடுவோம். எல்லாம் ஏற்றி முடித்துக் கடைசிப் பழைய வளையலைத் தொட்டேன். காவேரி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இது இருக்கட்டுங்க. அக்கா போட்டது."

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "அதை மொதல்ல எடுங்க" என்று அதட்டினாள். மங்கம்மா பக்கத்தில்தான் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். காவேரி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா வீடு இந்த ஊருதானாமே. எந்தத் தெருவுங்க? எனக்கு ஒருதடவை பாக்கணும்."

மெதுவாகக் கேட்டாலும் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. புளியமரத்தை ஒட்டின ஓட்டு வீடு. திம்மப்பன் உயிரோடு இருந்தபோது அங்கே நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண் விரலை விரித்துவிட்டாள். சோப்பு நுரையில் வளையல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் அதை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த கையைப் பிடித்தேன். எட்டு ஊருக்கும் தெரிந்த ஒருத்தியை, எல்லோரையும் தெரிந்த நான் தெரியாது என்று சொல்லிவிட்டு, தாம்பூலமும் வேட்டியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போகிற வழியில் அந்தத் தெருப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து பத்து நாளில் முனிலட்சுமி ஊரை விட்டுப் போய்விட்டாள். என்னிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காவேரி எப்படியோ வீட்டைக் கண்டுபிடித்துப் போனாளாம். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். சந்தையில் யாரோ சொல்லக் கேட்டேன்.

ஐம்பத்தெட்டில் பெங்களூர் போய்ச் சரக்கு பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜூஜுவாடியில் பஸ் நின்றது. அத்திப்பள்ளி தாண்டினால் நம் எல்லை. வண்டிகளைச் சோதிக்கிற இடம் என்பதால் அங்கே லாரிகள் வரிசையாக நிற்கும். டீ குடிக்க இறங்கினேன். ரோட்டோரம் சாக்கு விரித்து ஒருத்தி சீப்பு, ரிப்பன், ஊக்கு, குழந்தை வளையல் விற்றுக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் போடும் கண்ணாடி வளையல் ஒன்றுகூட இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கறன்ணா." நேற்றுப் பார்த்தவளைப் போலச் சாதாரணமாகத்தான் பேசினாள். "இங்க சௌகரியம். வண்டி நிக்கும், வாங்குவாங்க, போவாங்க. யாரும் ரெண்டாந்தடவ வர மாட்டாங்க. பேரு கேக்க மாட்டாங்க."

எந்தக் கையில் எந்த அளவு ஏறும் என்று எட்டு ஊருக்கும் சொன்னவள் சொல்கிற பேச்சா இது? என்னால் தாங்க முடியவில்லை. கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். இப்போது விட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

"முனிலட்சுமி, அந்தப் பொண்ணு காவேரி உன்னத் தேடிச்சும்மா. உன் வீடு எந்தத் தெருன்னு எங்கிட்டக் கேட்டுச்சு."

சீப்பை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்பண்ணா?"

"கல்யாணத்தன்னிக்கு. மணையில உக்காந்துக்கிட்டு, எல்லார் முன்னாலயும். நான் தெரியாதுன்னுட்டன்."

ஏசுவாள் என்று நின்றேன். ஏசட்டும் என்றுதான் நின்றேன். அவள் சாக்கின் மேல் படிந்த ரோட்டுத் தூசியை முந்தானையால் ஒருமுறை தட்டினாள்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தன்ணா" என்றாள். "மேளம் நிக்கற வரைக்கும் கதவைத் திறந்துதான் வச்சிருந்தன்."