முத்தாலம்மாளின் புதுப் பஞ்சு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு மெத்தைக் கம்பெனி இருந்தது. அங்கே நான் தையல் மெஷினில் உட்கார்ந்து என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். பழசு ஷெட் என்போம். முத்தாலம்மாள் அதில்தான் வேலை செய்தாள். அவளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. ஷீல்டு வாங்கினவரைப் பற்றித்தான் எழுதுவார்கள், எழுதியும் விட்டார்கள். அதனால்தான் செல்வமேரியாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

முத்தாலம்மாளுக்கு இரும்புலியூர். புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், ஒரு நடை போனவன் போனவன்தான். செத்தானா, வேறு குடும்பம் வைத்தானா, தெரியாது. பொட்டை அழிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ள மனசும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சரளா என்று ஒரே பெண். எண்பத்து நாலில் கம்பெனியைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள், பழசு ஷெட் வந்ததும் அங்கே போனாள்.

அந்த ஷெட்டைக் கொண்டுவந்தது சின்ன முதலாளி ஸ்ரீநிவாசராகவன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். "வேஸ்ட்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது" என்பது அவர் பேச்சு. பழைய மெத்தையைக் கொடுத்தால் புது மெத்தையில் விலை தள்ளுபடி என்று போர்டு வைத்தார். வீடு வீடாக வேன் போய் எடுத்துவரும். உறையைக் கிழித்து, கட்டி தட்டிப்போன இலவம்பஞ்சைப் பிரித்து, வெயிலில் போட்டு, மெஷினில் அடித்து, மறுபடியும் மெத்தையாக்குவோம். பொய் சொல்லக் கூடாது, நல்ல காரியம்தான். கழிவுப் பஞ்சைக் கொளுத்திய புகை நின்றது. ஏரிப் பக்கம் கொட்டுவது நின்றது. ஆனால் அந்த நல்ல காரியத்தின் தூசி அவ்வளவும் முத்தாலம்மாள் மூக்கில்தான் போனது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வாள். சாயங்காலம் ரயிலடிக்கு நடக்கும்போது வழி நெடுக இருமுவாள்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நம் பக்கத்தில் செத்தவர் படுத்த மெத்தையை வீட்டில் வைப்பதில்லை. தெருக்கோடியிலோ சுடுகாட்டு வழியிலோ எறிந்துவிடுவார்கள். தள்ளுபடி என்று ஒன்று வந்த பிறகு எவன் எறிவான்? வேனில் ஏற்றிவிட்டான். ஊர் வாயை மூட முடியுமா? எங்களுக்கு 'சாவு மெத்தை கம்பெனி' என்று பேர் வைத்துவிட்டது. தாம்பரம் மார்க்கெட்டில் காய் விற்கிறவள் வரைக்கும் சொல்வாள்.

சின்ன முதலாளி அசரவில்லை. முத்தாலம்மாள் கையில் வந்த பஞ்சு அப்படி இருக்கும், வெள்ளை வெளேர் என்று. அதைக் காட்டித்தான் ஆர்டர் பிடித்தார். தொண்ணூற்று மூன்றில் ஒரு சங்கம் அவருக்கு இயற்கையைக் காத்தவர் என்று ஷீல்டு கொடுத்தது. கல்யாண மண்டபத்தில் விழா. அங்கே முத்தாலம்மாளை மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார். என்ன பேச வேண்டும் என்று முன்னாடியே சொல்லிக்கொடுத்திருந்தார். அவளும் தலை குனியாமல் பேசினாள்.

"பழசையும் புதுசையும் ஒண்ணா வெச்சா எது பழசு, எது புதுசுன்னு என்னாலயே சொல்ல முடியாதுங்க. அப்டி கீது எங்க பஞ்சு."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. போட்டோவும் அவள் சொன்னதும் உள்ளூர் பேப்பரில் வந்தன. தெருவில் நாலு பேர் அவளை நின்று பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நானும்தான் கைதட்டினேன்.

அடுத்த வருஷம் சரளாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மறைமலை நகரில் வேலை. அவன் அம்மா கனகவல்லி, பீர்க்கன்கரணையில் இட்லிக் கடை வைத்திருந்தவள். சீரில் கட்டில் மெத்தை பெண் வீட்டார் செலவு. முத்தாலம்மாள் முதல் தரப் பஞ்சு, கொட்டை நீக்கின புதுசு, மூட்டை பிரிக்காமல் வந்ததிலிருந்து வாங்கினாள். உறை தைத்தது நான். பஞ்சு திணிக்கும்போது கூடவே நின்றேன். ஒரு பிடி பழசு அதில் இல்லை. சிலுவை மேல் சத்தியமாகச் சொல்வேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்தோம். கனகவல்லி வந்தாள், மெத்தையைத் தடவினாள். இதற்கென்றே இடுப்பில் செருகி வந்திருந்த கத்தரிக்கோலை எடுத்து மூலைத் தையலை அறுத்துப் பஞ்சைக் கையில் வாங்கினாள். சுற்றி அத்தனை பேர்.

"புதுசு சம்பந்தி," என்றாள் முத்தாலம்மாள். "பாருங்க, எப்டி வெள்ளையா கீது."

"வெள்ளையாத்தான் கீது. நீதான் எதையும் வெள்ளையாக்கிடுவியே. பழசா புதுசான்னு உனக்கே தெரியாதுன்னு பேப்பர்ல போட்டுகீறாங்களே. எந்தச் சாவு வூட்டுப் பஞ்சோ, எனக்கு எப்டித் தெரியும்?"

"நான் தெச்சேன்மா. புதுப் பஞ்சு," என்றேன் நான்.

"நீயும் அந்தக் கம்பெனிதானே," என்றாள்.

தாலி கட்டிவிட்டார்கள். ஆனால் மெத்தைப் பேச்சு கட்டுப்படவில்லை. திங்கட்கிழமை முத்தாலம்மாள் சின்ன முதலாளி அறைக்குப் போனாள், என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு. அது புதுப் பஞ்சு என்று அவர் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும், மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருப்பாள் என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "முத்தாலம்மா, நீங்களே இப்படிக் கேக்கலாமா? புதுசுன்னு நான் வந்து சர்ட்டிஃபை பண்ணினா, பழசு மட்டம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இத்தனை வருஷம் நாம செஞ்சதுக்கு என்ன அர்த்தம்? இது பிரின்சிபிள் மேட்டர். அந்தம்மாவுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும், பழசா இருந்தாலும் தப்பில்லைன்னு."

வெளியே வந்து முத்தாலம்மாள் கேட்டாள், "பிரின்சிபிள்னா இன்னா மேரி?"

"தன் வூட்டுக்குள்ள வராம, அடுத்தவ வூட்டுல எறக்கி வெக்கிறது," என்றேன். அவர் வீட்டு மெத்தைகளையும் நான்தானே தைத்தேன். அவற்றுக்குள் புதுப் பஞ்சுதான் போனது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன், சோறு வேண்டுமே.

சரளா வீம்புக்காரி. மாமியார் முறைக்க முறைக்க அந்த மெத்தையை விரித்துத்தான் படுத்தாள். அம்மா வாங்கிக் கொடுத்தது, நான் படுப்பேன் என்றாள். அவளுக்குத் தங்கிய கரு மூன்றாம் மாசம் கலைந்தது. பிறகு கேட்க வேண்டுமா? கனகவல்லி தெருவே கேட்க அழுதாள். நடிப்பில்லை, பேரப்பிள்ளைக்கு ஏங்கினவள்தான். மெத்தையில் கிடக்கிற ஆவிதான் காரணம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மழை விட்ட ஒரு காலை. வேன் இறக்கிய மூட்டைகளோடு அந்த மெத்தையும் வந்தது. தள்ளுபடிக்குப் போட்டுவிட்டிருந்தாள் கனகவல்லி. அறுத்த மூலையில் சரளா போட்ட கோணல் தையலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முத்தாலம்மாளுக்கும் தெரிந்தது. ஓரமாக எடுத்து வை அக்கா என்றேன். அவள் கத்தியை எடுத்து உறையைக் கிழித்து, பஞ்சைப் பிரித்து, மற்ற பழசோடு சேர்த்து மெஷினில் போட்டாள். மெஷின் இரண்டையும் ஒன்றாகத்தான் அடித்தது.

அன்று வேலை முடிந்து மகளைப் பார்க்கப் போனாள். மறுநாள் ரயிலடியில் இறங்கி நடக்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சரளா ஒண்ணு கேட்டா மேரி. யம்மா கோச்சிக்காத, நெஜமாவே அது புதுசுதானான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"என் பொண்ணே கேட்டப்பறம் இன்னா சொல்றது? தெர்லமான்னு சொல்லிட்டேன்."