நிறுத்திப் பார்த்தவள்

சுமித்திரா வேலையை விட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஏசிவிட்டானாம். மாப்பிள்ளை சரிவந்துவிட்டதாம். தலைக்கனமாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நான் அவளுக்குப் பக்கத்து மேசையில் ஐந்து வருடம் இருந்தவள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

எங்கள் கந்தோர் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. கோகுலன் அண்ணைதான் முதலாளி. வெளிநாட்டில் யாரோ எழுதி, பிறகு யாருக்குமே விளங்காமல் போன பழைய ஜாவா மென்பொருள்களுக்கு வைத்தியம் பார்ப்பது எங்கள் பிழைப்பு. கீழே கம்பி வெட்டுகிற சத்தத்தில் எனக்குப் பாதி நாள் தலையிடி. சுமித்திராவுக்கு அது கேட்டதாகவே தெரியாது.

அவள் ஜெயபுரத்துப் பிள்ளை. கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் வழி. கந்தோரில் எங்களைப்போல் 'ஓம்' என்பாள். தாய் மீனம்மா தொலைபேசியில் வந்தால் 'ஆமாம்மா' என்று பேச்சு மாறிவிடும். அதைக் கேட்டு நான் பகிடி பண்ணுவேன், அவளும் சிரிப்பாள்.

கடைசி யுத்தத்தில் அவளுக்கு எட்டு வயது. தகப்பன் தண்ணீர் எடுக்கப் போகும்போது, "இதிலேயே நில்லுங்க, அசையாதீங்க" என்று தாயிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் அசையவில்லை. அவர் வரவில்லை. பயத்தில் அங்குமிங்கும் ஓடிய பலரும் செத்துப்போனார்கள், நின்ற இவர்கள் தப்பினார்கள். இதை ஒருநாள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சாப்பிடாமல் இருந்தேன். அவள் முழுவதையும் சாப்பிட்டாள்.

வேலையிலும் அவளுக்கு ஒரே வழிதான். ஊகிக்கமாட்டாள், நிறுத்திப் பார்ப்பாள். ஜாவா மென்பொருள் மெய்நிகர் இயந்திரம் என்ற ஒன்றுக்குள் ஓடுகிறது. அதில் டிபக்கர் என்ற கருவியைக் கொளுவினால், ஓடுவதை ஓடியபடியே நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நிறுத்தி வைத்தபடியே உள்ளே இருக்கிற ஏதாவது ஒன்றைக் கூப்பிட்டு ஒரு வேலையைச் செய்விக்கவும் முடியும். நாங்களெல்லாம் குருட்டுவாக்கில் அங்கே ஒன்று இங்கே ஒன்று மாற்றிப் பார்ப்போம். அவள் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் சேர்ந்த புதிதில் இடைமுகம் என்றால் என்னவென்று எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவள்தான் சொல்லித் தந்தாள்.

"அது படலை மாதிரியடி. படலையில நிண்டு ஆரும் கூப்பிடலாம். ஆனா படலை பதில் சொல்லாது. உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு பாத்திட்டுக் கூப்பிடவேணும். ஒரு வீட்டில வயசானவர் வருவார், ஒரு வீட்டில நாய் வரும்."

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் கந்தோரின் மூலையில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது 'கரைக்குரல்'. எங்களோடு முன்பு வேலை செய்த நிருஷன் நாயாற்று மீனவர்களுக்காகச் செய்த சேவை. நாயாற்றில் வீடுகளுக்குள் சிக்னல் இல்லை. கடலில் இருக்கிறவர் எங்கள் இலக்கத்துக்கு அழைத்துக் குரலில் செய்தி வைப்பார். மனைவி மணல் திட்டியில் ஏறி நின்று அதே இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பாள். அழைப்புகளை வாங்குவதற்கு ஒரு பழைய கைபேசி, வயரால் கணினியோடு இணைந்திருந்தது. எந்நேரமும் மணி அடிக்கிறது என்று கோகுலன் அண்ணை அதன் சத்தத்தை அடக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நிருஷன் கனடா போய்விட்டான். அவன் எழுதிய மூலநிரல் அவனுடைய மடிக்கணினியோடு போய்விட்டது. கேட்டால் அது உடைந்துவிட்டது என்கிறான். நல்ல காரியம் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, பிறகு அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

வாடைக்காற்று தொடங்கியிருந்தது. காலையில் கந்தோர் திறந்து கொஞ்ச நேரத்தில் நாயாற்றிலிருந்து கிருசாந்தி என்ற பெண் என்னுடைய கைபேசிக்கு அழைத்தாள். அவளுடைய கணவன் ஜெயந்தன் முதல்நாள் பின்னேரம் தனியே கடலுக்குப் போனவன். விடியத் திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை.

"தங்கச்சி, அவர் விடியப்புறம் உங்கட லைனுக்கு எடுத்திருக்கிறார். ஒரு செய்தி இருக்கெண்டு சொல்லுது, அமத்தினா வெறும் இரைச்சல்தான். படகுகள் தேடப்போக வெளிக்கிட்டு நிக்குது. வடக்க அளம்பில் பக்கம் போறதோ, தெற்க கொக்கிளாய்ப் பக்கம் போறதோ எண்டு தெரியாமல் நிக்கினம். அவர் எந்தப் பக்கம் எண்டு சொல்லியிருப்பார். பாத்துச் சொல்லுங்கோ."

சுமித்திரா கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். வன்தட்டு பழுதாகியிருந்தது. ஜெயந்தனின் குரல் அதில் பதியவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நினைவகத்தில் மட்டும் கிடந்தது. அங்கேயும் நெடுக இராது. சேராத செய்திகளை அடிக்கடி கூட்டி அள்ளி எறிவதற்கென்று நிருஷன் உள்ளே ஒரு வேலைக்காரனை வைத்திருந்தான். வேலைக்காரன் என்பது எங்கள் பேச்சு. ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தனித்தனியே செய்கிற இழைகளை அப்படித்தான் சொல்வோம்.

அவள் டிபக்கரைக் கொளுவி எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"முழுசா நிப்பாட்டத்தான் வேணுமோ?" என்று கோகுலன் அண்ணை கேட்டார்.

"ஓடவிட்டா கூட்டி எறிஞ்சிடும் அண்ணா. நிண்டா ஒண்டும் துலையாது."

அவள் சொன்னது சரிதான். யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதைப் பற்றி நான் யாரோடும் வாதாடத் தயார்.

உள்ளே பார்த்தால் ஜெயந்தன் வைத்தது 'செய்தி' என்ற இடைமுகத்தின் பெயரில்தான் நின்றது. படலை மட்டும் தெரிந்தது. அந்தப் பெயருக்குள் எத்தனை வகை இருக்கின்றன என்று டிபக்கரிடமே கேட்டுப் பார்த்தாள். முழுச் செய்தி ஒரு வகை. பேசாமல் வைத்த அழைப்பு இன்னொன்று. பாதியில் அறுந்த செய்தி மூன்றாவது. ஜெயந்தனுடையது மூன்றாவது வகை. அதற்கு ஒலியை வெளியே தருகிற ஒரு செயல் இருந்தது. அதைக் கூப்பிடுவதற்காக ஒரேயொரு வேலைக்காரனை மட்டும் அசையவிட்டாள். மற்ற எல்லாரும் நின்றபடியே நிற்க, விசையை அழுத்தினாள்.

பதில் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்தோம். என்னுடைய கைபேசிக்குக் கிருசாந்தி அழைத்துக்கொண்டே இருந்தாள். "பாத்துக்கொண்டிருக்கிறா அக்கா, எடுத்துத் தருவா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாய் அப்படிச் சொல்லியது. திரையில் எதுவும் மாறவில்லை.

"வரல தேனு" என்றாள் சுமித்திரா என்னிடம். "கூப்பிட்டேன், வரல."

கந்தோரில் அவள் தாயின் பேச்சைப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பயந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூப்பிட்டவுடன் போன வேலைக்காரன் ஒரு பூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பூட்டின் திறப்பு, அதாவது சாவி, இன்னொரு வேலைக்காரனிடம் இருந்தது. அந்த இன்னொருவனை நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம். அவன் அசைந்தால்தான் இவன் உள்ளே போகலாம். ஆனால் எவனை அசைக்கிறோம் என்று தெரியாமல் அசைத்தால், கூட்டி எறிகிறவனாகவே அவன் இருந்துவிடக்கூடும். அப்படியானால் ஜெயந்தனின் குரல் போய்விடும். மூலநிரல் இருந்திருந்தால் கண் மூடித் திறக்கிற நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அது இல்லாமல் ஒவ்வொருவனாகப் பார்த்து, எவன் கையில் திறப்பு இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.

"எல்லாத்தையும் விடு பிள்ளை, வாறது வரட்டும்" என்று கோகுலன் அண்ணை சொன்னார்.

"அந்த ஒரு செய்திதான் அண்ணா இருக்கு" என்றாள்.

பத்து மணி கடந்தது. கிருசாந்தி மறுபடி அழைத்தாள். படகுகள் போய்விட்டன என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அளம்பில் பக்கம், ஒரு குத்துமதிப்பில் என்றாள்.

மதியத்துக்குக் கிட்ட சுமித்திரா அவனைக் கண்டுபிடித்தாள். திறப்பை வைத்திருந்தவன் கூட்டுகிறவன் இல்லை. அவனுடைய பெயரை நிருஷன் தமிழில்தான் வைத்திருந்தான், ஆங்கில எழுத்தில். 'அழைப்பை எடுப்பவன்.'

அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். பிறகு திரும்பி அலுமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாரையும் ஓடவிட்டாள். கூட்டி எறிகிறவன் வரவேயில்லை. பூட்டுத் திறந்து ஒலி வந்தது. காற்றும் அலையுமாகக் கொஞ்ச நேரம். அதற்குள்ளே ஒரு மனிதனின் குரல், அவசரமில்லாமல், கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற மாதிரி.

"கிருசா, எஞ்சின் நிண்டுட்டுது. இப்ப இருட்டு, எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகுதெண்டு தெரியேல்லை. வெளிச்சம் வரட்டும். கரையைப் பாத்திட்டுத் திரும்ப எடுக்கிறன், அப்ப சொல்லுறன். சார்ஜ் இருக்கு, பயப்பிடாதை. இந்த லைனில இருக்கிற ஆக்கள், நான் எடுக்கேக்க எடுங்..."

அங்கே அறுந்தது.

சுமித்திரா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். பழைய கைபேசியின் திரையில் எடுக்கப்படாத அழைப்புகள் மூன்று இருந்தன. மூன்றும் ஜெயந்தனின் இலக்கம். மூன்றும் அவள் நிறுத்தி வைத்திருந்த நேரத்துக்குள். அந்த இலக்கத்துக்கு அழைத்தாள். தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. அவள் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். பின்னேரம் வரைக்கும் எடுத்துக்கொண்டே இருந்தாள். தெற்கே பாருங்கள் என்றோ வடக்கே பாருங்கள் என்றோ கிருசாந்திக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

படகு பிறகு கொக்கிளாய்க்கும் தெற்கே கவிழ்ந்தபடி கிடந்தது. ஆளைக் காணவில்லை. இன்றுவரை காணவில்லை.

கிருசாந்தி ஒரு மாதம் கழித்து, கணவனின் குரலைக் கேட்க வேண்டும் என்று கந்தோருக்கு வந்தாள். அவள் படியேறும்போதே கோகுலன் அண்ணை எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "மிச்சத்தைச் சொல்லாதேங்கோ. சொல்லி அந்தப் பிள்ளைக்கு என்ன வரப்போகுது" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இப்போதும் அதுதான் சரியென்று படுகிறது. சுமித்திராவுக்கு அது ஏறவில்லை. அவளுக்கு எதையும் மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது.

கிருசாந்தி கதிரையின் நுனியில் உட்கார்ந்து குரலைக் கேட்டாள். அழவில்லை. "சார்ஜ் இருக்கு" என்ற இடத்தில் மட்டும் தலை குனிந்தாள். பிறகு, "திரும்ப எடுத்தவரோ?" என்று கேட்டாள்.

கோகுலன் அண்ணை இருமினார்.

"எடுத்தவர் அக்கா" என்றாள் சுமித்திரா. "மூண்டு தரம். அவர் முதல் வைச்ச செய்தியை எடுக்கிறதுக்காண்டி நான் எல்லாத்தையும் நிப்பாட்டி வைச்சிருந்தனான். வாற அழைப்பை எடுக்கிறதும் அதோட சேர்ந்து நிண்டுட்டுது. எனக்குத் தெரியேல்லை அக்கா."

நான் கிருசாந்தியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுமித்திரா இன்றைக்கும் எங்களோடு வேலை செய்துகொண்டிருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கீழே கம்பி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவருக்கு மணி அடிக்கிற சத்தம் கேட்டிருக்குமோ தங்கச்சி?"

"ஓம் அக்கா. அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்."

"அப்ப ஆரோ இருக்கினம், இப்ப எடுப்பினம் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்திருப்பார்" என்றாள் கிருசாந்தி.