பதில் சொல்ல அவர் இருக்கிறார்

என் கணவர் மீமிசலில் முப்பது வருடம் மீன் ஏலம் கூறியவர். சென்ற வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. "நேரமானாலும் அவரையே பேச விடுங்கம்மா" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் காலையில் பைக்கில் வந்த மீன்காரரிடம் வாசலில் சங்கரா வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்தவர் கட்டிலைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. கையில் மீனோடு ஓடினேன். முகம் சிவந்து, "செ... செ..." என்று திணறிக்கொண்டிருந்தார். மறுபடியும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். போனைத் தேடி எடுத்து 108 அழுத்தப் போனேன்.

"யா அல்லாஹ்! என்னங்க செய்யுது?" என்று அழுதேன்.

அவர் மீனைப் பிடுங்கி, இடது கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். வெளுத்துக் கிடந்தது.

"நே...த்து... மீனு" என்றார்.

பின்னாலேயே ஓடிவந்திருந்த மீன்காரர் தலையைச் சொறிந்தார். "வேற தாரேன் அக்கா" என்றார்.

பயம் தெளியாமல் அன்றே டாக்டரிடமும் காட்டினேன். புதிதாக ஒன்றுமில்லை என்றார்.

இப்போது எந்த மீனும் அவர் செவுளைப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குப் போகிறது. யாராவது என்னிடம் "எப்படி இருக்காக?" என்று கேட்டால், "அவுககிட்டயே கேளுங்க" என்கிறேன். அவர் ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால், நான் வாயைத் திறப்பதில்லை.